சோத்துச் சங்கு

செப்டம்பர் 6, 2025, சனி

மதகு வேலைக்கு ஆள் வந்திருக்கிறது என்று காவலாளி சொன்னதும் மனம் குளிர்ந்துவிட்டது எனக்கு. புத்தி கெட்டவள். வந்தவர்கள் பெயின்ட் அடிக்கிறவர்கள். அணையின் மேல் நடைபாதைக் கம்பிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பிக்கு நேர் கீழே இரண்டாவது மதகைத் தூக்கும் சங்கிலி துருப்பிடித்து, கை வைத்தால் பொடியாக உதிர்கிறது. அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூட நாதியில்லை.

வெள்ளைக்காரன் ஈயம் தோண்டுவதற்குக் கரண்ட் வேண்டுமென்று கட்டிப்போட்ட அணை. ஈயமும் போய்விட்டது, வெள்ளைக்காரனும் போய்விட்டான். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள்கூடச் செம்பனையாகிவிட்டன. ஏழாங்கட்டை அணை மட்டும் முக்கி முனகி இன்னும் மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. அதன் பாதுகாப்புப் பொறியாளர் நான். பாதுகாப்பு என்பது என் பதவியில் இருக்கிறது, அணையில் இல்லை.

மேனேஜர் குலசிங்கம் கீழே ஆற்றோரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பெரிய இதயம் ஒன்றைச் சிமென்டில் கட்டவைத்திருக்கிறார். 'மக்கள் பொழுதுபோக்குப் பூங்கா'வாம். கிழவிக்குப் பல் கட்டச் சொன்னால் லிப்ஸ்டிக் பூசிவிடுகிறார். அம்மா வழியில் எனக்கு அண்ணன் முறை வேறு. சொந்தம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கும் என் வீட்டுக்காரர் ஆற்றில்தான்.

பெயர் பத்துமலை. பெயரில் இருக்கிற மலையின் உறுதியில் கால்வாசி இருந்தால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டேன். பத்து காஜா டவுனில் டயர்க் கடையிலேயே காலம் தள்ளிவிட்டு, போன வருடம் ஓய்வு. வீட்டில் உட்காருவார் என்று பார்த்தால், ரூபன் என்ற பையனோடு சேர்ந்து பழைய லோரி டியூப்களுக்குக் காற்றடித்து, அணைக்குக் கீழே பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறார். நான் மேலே தண்ணீரை அடைத்து வைக்கிறேன். அவர் கீழே அதில் பிள்ளைகளை மிதக்கவிடுகிறார். நல்ல குடும்பம்.

"டயர்க் கடைக்காரனையா கட்டப் போறாய்?" என்று அம்மா அன்று கேட்டபோது நான் எத்தனை வீரவசனம் பேசினேன். இப்போது அம்மாவின் வார்த்தை என் வாயில் அச்சு மாறாமல் வருகிறது. பிடிக்கவில்லை. ஆனாலும் வருகிறது.

செப்டம்பர் 13, சனி

இதை எழுதி வைக்க வேண்டும்.

மதகு திறப்பதற்கு முன் சைரன் அடிக்க வேண்டும், அடித்தால் ஆற்றில் இருக்கிறவர்கள் கரையேற வேண்டும். இதுதான் விதி. அது வேலை செய்கிறதா என்று பார்க்கச் சனிக்கிழமைதோறும் மத்தியானம் பன்னிரண்டுக்கு ஒருமுறை அடிப்பார்கள். இன்று நானே கீழே போய், செல்லாயி அக்கா சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, என்ன நடக்கிறதென்று பார்த்தேன்.

சைரன் அலறியது. ஆறு நிறைய ஜனம். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. செல்லாயி அக்கா மட்டும் எழுந்து சோற்றுப் பானை மூடியைத் திறந்தார். "சோத்துச் சங்கு ஊதிருச்சு, வாங்கலா சாப்புட" என்று குரல் கொடுத்தார். தோட்டக் காலத்தில் ஃபேக்டரி சங்கு ஊதினால் சாப்பாட்டு நேரமாம். தோட்டம் போனாலும் சங்கு வந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். வெளியூர்க்காரன் ஒருவன் மட்டும் என்ன சத்தம் என்று கேட்டான். அவனையும் கையமர்த்திச் சோற்றுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். சங்கு வேறு எதற்கு ஊதுவார்கள் என்பதே மறந்துபோன ஜனம்.

இதற்கு மேல் ஒரு கூத்து. ரோட்டில் முனிசிபல் வேன் ஒன்று தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. "கார் இழுக்க வந்துட்டான்டா" என்று எவனோ சொன்னான். அவ்வளவுதான். துண்டைக்கூட எடுக்காமல், ஈரம் சொட்டச் சொட்ட, தொந்தி குலுங்க மேட்டில் ஏறி ஓடினார்கள். கார்களை எல்லாம் ரோட்டை அடைத்துக் கண்டபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அந்தப் பயம். தாலி கட்டியவளை விட்டாலும் விடுவான், மைவி காரை விடமாட்டான். பிள்ளைகள் தண்ணீரிலேயே கிடந்தன. என் வீட்டுக்காரர் டியூப்களைப் பிடித்துக்கொண்டு இளித்தபடி நின்றார்.

இந்த ஜனத்துக்காகவா நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறேன்?

அக்டோபர் 2, வியாழன்

குலசிங்கத்திடம் போனேன். சைரன் சோதனையை ஆற்றில் ஆளில்லாத நாளுக்கு மாற்றச் சொன்னேன். மழை வருவதற்குள் இரண்டாவது மதகின் சங்கிலியை மாற்றச் சொன்னேன். மழைக்காலத்தில் மூன்று மதகையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். இரண்டாவது சிக்கிக்கொண்டால் உள்ளே தண்ணீர் ஏறும். பயந்துபோய் அதைப் பலவந்தமாக இழுத்தால் ஒரேயடியாகத் திறக்கும். கீழே நிற்கிறவன் கதி என்ன? சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னேன்.

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே கேட்டார். பிறகு திருவாய் மலர்ந்தார்: "சனிக்கிழமை பன்னிரண்டு எண்டால் சனத்துக்குப் பழக்கம், பிள்ளை. பழக்கம்தானே பாதுகாப்பு. நீர் சும்மா பயப்பிடுறீர்."

பழக்கம்தானே பாதுகாப்பு. இதைப் பெரிதாக எழுதி அவர் கழுத்தில் மாட்ட வேண்டும். சங்கிலிக்கு அடுத்த வருடம் பார்க்கலாமாம். இந்த வருடம் சிமென்ட் இதயத்துக்கு விளக்கு போடுகிறார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

வீட்டில் சண்டை. டியூப் வியாபாரத்தை விடுங்கள் என்றேன். 'உன் அணை உடையும்னு நீயே சொல்லிட்டுத் திரியலாமா, யாராச்சும் கேட்டா உன் வேலைக்குத்தானே கேடு' என்கிறார். உடையும் என்று நான் சொல்லவில்லை. உடைவது வேறு, மதகு சிக்குவது வேறு. இந்த வித்தியாசத்தை டயர் மாற்றியவருக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் போய்த் துணி காயப் போட்டார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி.

விடியற்காலையிலிருந்து மழை. அவருக்கு இனிப்பு நீர் வியாதி, சர்க்கரை ஏறக் கூடாது என்று தெரிந்தும் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லட்டு தின்றார். சின்னப் பிள்ளையா? ஆற்றுப் பாறையில் வெறுங்காலோடு நடக்கிறார், இனிப்பு நீர்க்காரன் கால் கீறினால் என்ன ஆகும் என்று டாக்டர் படம் காட்டியே சொல்லியிருக்கிறார். ரப்பர் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். போட்டால் பாறையில் வழுக்குகிறதாம். சப்பாத்து ஷெல்ஃபில் புத்தம் புதிதாக இருக்கிறது, அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கலாம்.

அக்டோபர் 24, வெள்ளி

மழை விடவில்லை. அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒன்றாவது, மூன்றாவது மதகுகளைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறார்கள். ஆற்றைச் சில நாள் மூடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தீபாவளிக் கூட்டம் வருகிற நேரத்தில் மூடினால் பூங்காவுக்குக் கெட்ட பெயராம்.

நாளை இந்த மனுசன் போகக் கூடாது. கார் சாவியை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்துவிட்டேன். தேடட்டும்.

அக்டோபர் 25, சனி

எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். வேறு எதுவும் எழுத முடியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

நேற்றுக் காலை அவர் சாவியைத் தேடவே இல்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் ரூபனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய்விட்டார். அரிசிக்குள் கை விட்டு நான்தான் சாவியைத் தேடி எடுத்தேன்.

கன்ட்ரோல் ரூமிலிருந்து விக்னேஸ்வரன் கூப்பிட்டான். குரலே சரியில்லை. இரண்டாவது மதகு விடியற்காலையிலிருந்து அசையவில்லை, தண்ணீர் மேல் கோட்டைத் தொடப் போகிறது, மேனேஜர் எப்படியாவது இழுத்துத் திறக்கச் சொல்லிவிட்டார் என்றான். "சைரன் அடிச்சிட்டுத்தான் இழுப்போம் அக்கா" என்றான். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பன்னிரண்டு ஆகிவிடும் என்றான்.

பன்னிரண்டு. சனிக்கிழமை பன்னிரண்டு. தலையில் அடித்துக்கொண்டு காரை எடுத்தேன்.

நான் ஆற்றோரத்தில் இறங்கும்போதே சைரன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. சோதனைக்கு இத்தனை நேரம் அடிக்கமாட்டார்கள். எவனாவது கவனித்தானா? செல்லாயி அக்கா பானை மூடியைத் திறந்துவிட்டார். ஆறு முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஜனம். மழை விட்டு வெயில் அடித்ததில் எல்லோருக்கும் கொண்டாட்டம். பிள்ளைகள் டியூப்பில் மிதக்கின்றன, நடுவில் இடுப்பளவு தண்ணீரில் இவர்.

கத்தினேன். "தண்ணி வருது, மேல ஏறுங்க, மதகத் தொறக்கப் போறாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சிரித்தார்கள். சங்கு சனிக்கிழமைச் சங்குதான் என்று எனக்கே விளக்கம் சொன்னாள் ஒருத்தி. கரையில் ஒருவன் சக்கரம் வைத்த ஸ்பீக்கரில் கரோக்கே பாடிக்கொண்டிருந்தான். அடுத்த பாட்டு எனக்குத் தருவதாகச் சொன்னான், பொறுக்கச் சொன்னான்.

அப்போதுதான் அந்த முனிசிபல் வேன் ஞாபகம் வந்தது. மைக்கைப் பிடுங்கினேன்.

"ரோட்டுல நிக்கிற காரெல்லாம் முனிசிபல் லோரி இழுத்துட்டுப் போவுது. இப்பவே போய் எடுங்க."

ஆறு எழுந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு, சட்டையைத் தலையில் மாட்டியபடி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். உயிர் போகும் என்று சொன்னபோது சிரித்த அதே ஜனம். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு திமிர் வந்தது. உங்களை எனக்குத் தெரியும்டா என்று ஒரு திமிர். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு ஆற்றைப் பார்த்தேன்.

பிள்ளைகள் அங்கேயே இருந்தன. சாவி வைத்திருந்தவர்கள் ஓடினார்கள். அவர்களோடு பெண்டாட்டிகளும் ஓடினார்கள். பிள்ளைகளை 'அங்கிள் பாத்துக்குவாரு' என்று விட்டுவிட்டு ஓடினார்கள். அன்றைக்கும் அப்படித்தானே ஓடினார்கள்? பார்த்தேனே. பார்த்து எழுதியும் வைத்தேனே. அதுங்களுக்குக் கார் இல்லன்னு எனக்கு ஏன் தோணல?

இவருக்கும் கார் இல்லை. எங்கள் கார் என்னிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறவள் இல்லை, ஊரான் காரைப் பற்றிக் கவலைப்படுகிறவளும் இல்லை. அவருக்கு அந்த இரண்டும் தெரியும். டியூப்களைக் கட்டியிருந்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையை நோக்கி இழுக்க ஆரம்பித்தார். ரூபன் பின்னாலிருந்து தள்ளினான். நான் சேலையோடு இறங்கிக் கைக்கு எட்டின பிள்ளையை எல்லாம் முடியைப் பிடித்துக்கூட இழுத்துப் போட்டேன். ஒரு பெண்பிள்ளை செருப்பு வேண்டும் என்று அழுதது. அறைந்துவிட்டேன்.

தண்ணீர் வருவதற்கு முன் சத்தம்தான் வந்தது. கடைசியாக ஏறியது இவர். தண்ணீர் முழங்காலுக்கு அடித்தது, பாறையில் விழுந்தார், ரூபன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். நாங்கள் நின்ற இடம், செல்லாயி அக்கா அடுப்பு, கரோக்கே ஸ்பீக்கர், சிமென்ட் இதயம் எல்லாம் பழுப்புத் தண்ணீருக்குள் போனது. இதயம் போனதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை.

மேலே ரோட்டில் தகப்பன்மார்கள் லோரி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னிடமே வந்து, பொய் சொல்லி ஆளைப் பயமுறுத்துவீர்களா என்று சத்தம் போட்டான். அவன் பிள்ளை அப்போது என் இடுப்பில் இருந்தது.

அவர் காலில் சின்னக் கீறல். வீட்டுக்கு வந்து மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

அக்டோபர் 29, புதன்

கம்பெனி அறிக்கை வந்துவிட்டது. 'சைரன் முறையாக இயங்கியது. பொதுமக்கள் சைரனுக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காகக் கரையேறினர். உயிர்ச்சேதமோ காயமோ ஏதுமில்லை.'

சைரனுக்குக் கட்டுப்பட்டார்களாம்! குலசிங்கத்திடம் நேரில் கேட்டேன். கார் விசயத்தை எழுதினால் சனத்தை அவமானப்படுத்தின மாதிரி ஆகிவிடுமாம். அவருடைய கரிசனத்துக்குக் கோயில் கட்ட வேண்டும். எனக்கு நன்றிக் கேடயம் தருவதாக வேறு சொன்னார். அதையும் ஆற்றில் போடச் சொன்னேன்.

நவம்பர் 3, திங்கள்

கீறல் ஆறவில்லை. ஓரம் கறுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், வேனில் வந்து விற்கிற மஞ்சள் களிம்பு போதுமாம். ஏதோ தோட்டத்து வைத்தியம். அடித்தாவது நாளை கூட்டிப்போக வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

பத்து காஜா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். பத்து நாளா என்ன செஞ்சீங்க என்று டாக்டர் பெண் கேட்டாள். நான் படித்தவள் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஈப்போ பெரியாஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

ரூபன் வந்தான், ஆரஞ்சுப் பழத்தோடு. செல்லாயி அக்கா சோறு கட்டிக் கொண்டுவந்தார், தூரத்திலிருந்து பஸ் மாறி. டியூப்பில் கிடந்த பிள்ளைகளின் தகப்பன்மார்களில் ஒருவன் வந்தான். ஒருவன்தான். வந்தவனும் பார்க்கிங் கிடைக்கவில்லை, வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்று நின்ற காலிலேயே புறப்பட்டான். குலசிங்கம் பழக்கூடை அனுப்பியிருந்தார். இனிப்பு நீர்க்காரனுக்கு மாம்பழமும் திராட்சையும். அறிக்கையில் காயம் ஏதுமில்லை அல்லவா, ஆகவே அது சும்மா பழம்.

அவர்கள் போன பிறகு அவரிடம் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஜனத்தை, குலசிங்கத்தை, ரோட்டில் லோரி தேடினவன்களை. காருன்னதும் எப்படி ஓடுனானுங்க பாத்தீங்களா என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"நீ காருன்னு சொன்ன, ஓடுனாங்க. புள்ளைங்களத் தூக்கிட்டு ஓடுங்கன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாம்லே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். நான் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

ஒரு வார்த்தை. மைக் என் கையில்தானே இருந்தது. அந்தத் திமிரில் நின்ற நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் கயிறு இழுத்திருக்க வேண்டாம், கடைசியாக ஏறியிருக்க வேண்டாம். அந்த ஜனத்தைப் பார்த்தால் எனக்குக் கார் மட்டும்தான் தெரிந்தது. அவருக்குப் பிள்ளைகள் தெரிந்தன.

டிசம்பர் 19, வெள்ளி

ஷெல்ஃபில் ரப்பர் சப்பாத்து ஜோடியாக இருக்கிறது. தூக்கி எறியவும் மனமில்லை.

ஜனவரி 24, 2026, சனி

பூங்காவை மறுபடி திறந்துவிட்டார்கள். வேண்டாம் என்றேன், அவர் பார்க்க வேண்டும் என்றார். மரக்கால் இன்னும் பழகவில்லை. காரில் கூட்டிப்போனேன்.

இதயம் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், முன்னதைவிடப் பெரிது. சங்கிலி அதே சங்கிலி. நேற்றும் மேலே போய்த் தொட்டுப் பார்த்தேன். போன மாதம் நான் கொடுத்த ராஜினாமாவைக் குலசிங்கம் இன்னும் மேசையில் வைத்திருக்கிறார், 'யோசியும் பிள்ளை' என்கிறார். நான் போனால் தொட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை என்பதால் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கார் நிறுத்த ஒழுங்கான இடம் போட்டிருக்கிறார்கள். ஊனமுற்றவர்களுக்கென்று தனிக் கட்டம்கூட இருக்கிறது, நடைபாதைக் கம்பிக்கு அடித்த அதே மஞ்சளில். அதை ஒரு வெள்ளைக் கார் அடைத்து நின்றது. இவரைத் தூரத்தில் இறக்கி நடக்கவிட முடியாது. பூங்கா மேடையில் மைக் இருந்தது. போய் வாங்கி, கார் எண்ணைப் படித்து, அது மாற்றுத்திறனாளிகளுக்கான இடம், தயவுசெய்து எடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

சிரித்தார்கள். ஆறு முழுக்கச் சிரித்தது. "அக்கா, மறுபடியும் லோரியாக்கா?" என்று ஒருவன் தண்ணீரிலிருந்து கேட்டான். கதை ஊரெல்லாம் பரவிவிட்டது போலிருக்கிறது. ஒருவரும் எழவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அதற்கும் கை தட்டினார்கள். வெள்ளைக் கார் அங்கேயே நின்றது.

திரும்பி வந்து, காரை எடுக்காமலே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டுக்குச் சைரன் அடித்தது. கீழே செல்லாயி அக்கா புது அடுப்பில் பானை மூடியைத் திறந்தார். பிள்ளைகள் டியூப்பில் மிதந்துகொண்டிருந்தன, இப்போது ரூபன் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இவர் எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அடுத்த தடவ என்ன சொல்லிக் கூப்புடுவ?"